சரக்குப் பெட்டியும் ரசீதும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பிரான்சின் தேசிய ரயில்வே நிறுவனமான எஸ்.என்.சி.எஃப். பற்றிய கட்டுரை வந்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து ஏறக்குறைய 75,000 யூதர்கள் நாஜி வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோரை ஜெர்மன் எல்லைவரை கொண்டுபோய் விட்டவை இந்த நிறுவனத்தின் வண்டிகள். அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. உலகம் முழுவதும் ரயில் ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடுகிறது. கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தையும் மோதல் தீர்வுத் துறையையும் பயிற்றுவிப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

நாடே ஜெர்மானியர் பிடியில் இருந்தது. துப்பாக்கி முனையில் ஓட்டிய வண்டிக்கு நிறுவனத்தை எப்படிக் குற்றம் சொல்வது?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வைத்த முதல் வாதமே இதுதான். இதில் பாதி உண்மை உண்டு. 1940 ஜூன் 22இல் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சு ரயில்வே ஜெர்மானியர் விருப்பப்படி இயங்க வேண்டியதாயிற்று. மறுத்த ஊழியருக்குச் சிறையோ அதைவிடக் கொடிய தண்டனையோ காத்திருந்தது.

மற்ற பாதியைப் பார்க்க, பிரான்ஸ் அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். வடக்கு ஜெர்மன் ராணுவத்திடம் இருந்தது. தெற்கு, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் கையில் இருந்தது. 1942 நவம்பர்வரை அங்கே ஜெர்மன் படை இல்லை. ஆனால் 1942 ஆகஸ்டிலேயே குர்ஸ், ரிவ்சால்ட், லெ மில் போன்ற தெற்கு முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான யூதர்கள் ரயிலேற்றப்பட்டு, நாடுகடத்துமுன் அடைத்துவைக்கும் இடமாகப் பாரிஸ் புறநகரில் இருந்த டிரான்சி முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிடித்தது பிரெஞ்சு போலீஸ். வண்டியும் ஓட்டுநரும் கால அட்டவணையும் பிரெஞ்சு ரயில்வேயுடையவை. அந்தப் பயணங்களில் ஜெர்மன் துப்பாக்கியைத் தேடினால் கிடைக்காது.

டிரான்சிக்கு அப்பால் கதை வேறு. ஒவ்வொரு வண்டியிலும் சுமார் ஆயிரம் பேர். 1942 மார்ச் 27இல் புறப்பட்ட முதல் வண்டியில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் பெட்டிகள் இருந்தன. பிறகு பெரும்பாலும் சரக்குப் பெட்டிகள்தாம், ஏனென்றால் ஜன்னல் இல்லாத பெட்டியைக் காவல் காக்கக் குறைந்த ஆட்கள் போதும். எல்லைவரை பிரெஞ்சு ஓட்டுநரும் கரியள்ளுபவரும் போவார்கள். அங்கே இஞ்சினும் ஆட்களும் மாறும். 1943 ஜூலைவரை லெ பூர்ஜே–டிரான்சி நிலையத்திலும், அதன்பின் போபினி நிலையத்திலும் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். ஆகவே ‘கட்டாயம்’ என்ற ஒரே சொல்லால் நான்கு வருடத்தையும் மூட முடியாது. எந்த ஊரிலிருந்து, எந்த மாதம், யார் கட்டளையில் என்று வண்டி வண்டியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பொறுப்பின் அளவு தெரியும்.

தலைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனம் கட்டணம் வாங்கியதாகப் படித்தேன். உண்மையா?
– ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர், மதுரை

இரண்டு வேறு கணக்குகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ரயில்வே கணக்குத் தெரிந்த நீங்கள் இந்த வேறுபாட்டை எளிதில் பிடித்துக்கொள்வீர்கள்.

முதலாவது பிரான்சுக்குள் நடந்த பயணங்கள். டூலூஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாள்களில், முகாம் கைதிகளை இடம் மாற்றியதற்கு எஸ்.என்.சி.எஃப். அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பிய ரசீதுகள் உள்ளன. விகிதம் மூன்றாம் வகுப்புக்குரியது. 1944 ஆகஸ்டில் டூலூஸ் விடுதலையான பிறகும் அந்த நிலுவைத் தொகை வசூலானது. இதில் சந்தேகம் எதுவும் இல்லை.

இரண்டாவது எல்லை தாண்டிய பயணங்கள். ஜெர்மன் ரயில்வேயான ரீச்ஸ்பான், நாடுகடத்தப்பட்டவர்களுக்கு மூன்றாம் வகுப்பு ஒருவழிக் கட்டணமாகக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) போட்டது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி, நான்கு வயதுக்கு உட்பட்டால் இலவசம், 400 பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகையாகப் பாதிக் கட்டணம். காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்துக் கணக்கு. இது ஜெர்மன் பக்கத்து ஏற்பாடு. எல்லை கடந்த ஒவ்வொரு வண்டிக்கும் எஸ்.என்.சி.எஃப். இதே முறையில் தலைக் கணக்குப் போட்டு லாபம் பார்த்தது என்று எழுதுபவர்கள், முதல் வகைத் தாள்களை இரண்டாம் வகைப் பயணத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட மிகைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் கேடு செய்கின்றன. எதிர்த்தரப்பு ஒரு தவறான வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் குற்றச்சாட்டையும் உதறிவிடும். உள்நாட்டு ரசீதுகள் சொல்வதே போதுமான கொடுமை. பயணிகள் பெட்டிக்குக் கட்டணம் போட்டுவிட்டுச் சரக்குப் பெட்டியில் ஏற்றியதை, டூலூஸ் நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பாகவே எடுத்துச் சொன்னது.

ரயில் ஊழியர்கள் தண்டவாளத்தைத் தகர்த்து நாஜிகளை எதிர்த்த வீரர்கள் அல்லவா? அவர்களையும் குற்றவாளி ஆக்குகிறீர்களா?
– தொழிற்சங்கப் பொறுப்பாளர், சேலம்

ஆக்கவில்லை. எதிர்ப்பில் ஈடுபட்டதற்காக நூற்றுக்கணக்கான ரயில் ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னும் பலர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்தார்கள். லியோன் ப்ரோன்ஷார் என்ற இஞ்சின் ஓட்டுநர் 1942 அக்டோபர் 31இல் மோன்டொபான் நிலையத்தில் அரசியல் கைதிகளை ஏற்றிய வண்டியை இழுக்க மறுத்து இறங்கிவிட்டார். பின்னாளில் எதிர்ப்பு இயக்கப் பணிக்காக அவரே புகன்வால்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். இந்த மனிதரைப் போற்றாமல் இருக்க முடியாது.

ஆனால் ஊழியரின் வீரம் வேறு, நிர்வாகத்தின் கணக்கு வேறு. போர் முடிந்த உடனே நிறுவனம் முழுவதும் எதிர்ப்புப் போராளி என்ற படிமம் திரைப்படத்தாலும் விழாக்களாலும் பதக்கங்களாலும் கட்டியெழுப்பப்பட்டது. அது ஐம்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. அந்தப் படிமத்தின் நிழலில் யூத வண்டிகள் மறைந்தன. தண்டவாளம் தகர்க்கப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ராணுவச் சரக்கை நிறுத்த. ஆட்களை ஏற்றிய வண்டிகள் தப்பாமல் போய்ச் சேர்ந்தன. 1944 ஜூலை 31இல் போபினியிலிருந்து 1,300க்கும் மேற்பட்டவர்களோடு ஒரு வண்டி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் புறப்பட்டது. அதில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பத்தே நாளில், ஆகஸ்ட் 10இல், பாரிஸ் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது.

ஒரே நிறுவனம் ஒரே காலத்தில் ஆக்கிரமிப்புக்கு இரையாகவும், கொலை இயந்திரத்தின் உறுப்பாகவும், வீரர்களின் பணியிடமாகவும் இருந்தது. மூன்றும் உண்மை, ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கக் கூடாது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? தீர்ப்பு ஏன் மாறி மாறி வந்தது?
– வழக்கறிஞர், சென்னை

குற்றவியல் வழக்குக்கு வழியே இல்லை. மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்று பிரான்ஸ் 1964இல் சட்டம் செய்தது உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விதி 1994இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில்தான் நுழைந்தது. அது பின்னோக்கிப் பாயாது. உரிமையியல் வழக்கிலோ காலவரம்பு குறுக்கே நின்றது. அடையாளமாக ஒரே ஒரு யூரோ கேட்ட வழக்குகூட 2003இல் காலாவதி என்று தள்ளப்பட்டது.

மிச்சமிருந்தது, அரசு அமைப்புகள் மீதான வழக்குகளை விசாரிக்கும் நிர்வாக நீதிமன்றம். லிப்பியெட்ஸ் குடும்பத்தினர் 1944 மே மாதம் போ நகரில் கைதாகி, டூலூஸ் வழியாக டிரான்சிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆகஸ்டில் முகாம் விடுதலையானபோது தப்பியவர்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 2006 ஜூன் 6இல் டூலூஸ் நிர்வாக நீதிமன்றம், அரசும் எஸ்.என்.சி.எஃப்.பும் சேர்ந்து சுமார் 62,000 யூரோ தர வேண்டும் என்றது. மூன்றில் ஒரு பங்கு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. நிறுவனம் எந்தக் கட்டத்திலும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்பது தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. உடனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கோரிக்கை அனுப்பின. அடுத்த ஆண்டு மார்ச்சில் போர்தோ மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிரான பகுதியை ரத்துசெய்தது. அரசின் கட்டளைப்படி மட்டுமே இயங்கிய அமைப்பு அது, பொது அதிகாரம் எதையும் தானாகச் செலுத்தவில்லை, எனவே இதை விசாரிக்க நிர்வாக நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று காரணம் சொன்னது. 2007 டிசம்பர் 21இல் உச்ச நிர்வாக அமைப்பான கோன்சேய் தெத்தாவும் அதையே உறுதிசெய்தது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கில் காட்சி தலைகீழ். அங்கே நிறுவனம், நான் பிரெஞ்சு அரசின் அங்கம், வெளிநாட்டு அரசை அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று இறையாண்மை விலக்கைக் கோரியது. வென்றது. தாய்நாட்டில் பொது அதிகாரம் செலுத்தாத அமைப்பு என்ற காரணம். கடல் கடந்தால் அரசு என்ற காரணம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு தீர்ப்புக்கும் சட்ட அடிப்படை இருக்கிறது. வழக்குத் தொடுத்த முதியவர்களின் பக்கம் நின்று பார்த்தால், எந்தக் கதவைத் தட்டினாலும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள். இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வழக்கு தோற்றால் எல்லாம் முடிந்தது அல்லவா? மோதல் தீர்வு ஆய்வாளர்களுக்கு இதில் என்ன வேலை?
– அரசியல் அறிவியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

வேலை அங்கேதான் தொடங்குகிறது. நீதிமன்றம் கேட்பது ‘பொறுப்பா, இல்லையா’ என்ற ஒரு கேள்வியை. பாதிக்கப்பட்டவர்கள் கேட்பவை பல. என் அப்பா எந்தப் பெட்டியில் போனார்? யார் கையெழுத்துப் போட்டது? நிறுவனத்தின் தலைவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? நாளை வேறொருவரை இப்படி ஏற்ற மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி? இவற்றுக்கு இழப்பீட்டு உத்தரவில் இடமில்லை.

2005இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள் ஈடுசெய்தலை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன: பறித்ததைத் திருப்பித் தருதல், பண இழப்பீடு, மருத்துவ–உளவியல் மறுவாழ்வு, உண்மையை ஏற்று மன்னிப்பும் நினைவேந்தலும் செய்தல், மீண்டும் நிகழாதிருக்க உறுதி. பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் முதலில் செய்யச் சொல்வது இதுதான்: ஒரு தாளில் இந்த ஐந்தையும் வரிசையாக எழுதுங்கள், எதிரே எந்த அமைப்பு எதைத் தர முடியும் என்று எழுதுங்கள். எஸ்.என்.சி.எஃப். விஷயத்தில் இரண்டாவதற்கு அரசு, நான்காவதற்கு நிறுவனமும் அரசும், ஐந்தாவதற்கு நிறுவனம் என்று உடனே தெரிந்துவிடும். வழக்கறிஞர்கள் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார்கள்.

இன்னொன்று: நார்வே குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் ‘இலட்சியப் பலியாள்’ என்ற கருத்தை முன்வைத்தார். பலவீனமான, எந்தக் கறையும் இல்லாத ஒருவரையும், அவருக்கு எதிரே பெரிய தீயவன் ஒருவனையும் வைத்தால்தான் சமூகத்தின் இரக்கம் எளிதில் சுரக்கும் என்றார். இந்த விவாதத்தில் ரயில் நிறுவனம் அந்தத் தீயவனின் இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பெயர் தெரிந்தது, பணம் உள்ளது, இன்றும் உயிரோடு இருக்கிறது. விளைவு என்னவென்றால், கைதுசெய்த போலீசும், சொத்தை அபகரித்த வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும், காலியான வீட்டுக்குள் குடியேறிய அண்டை வீட்டாரும் பின்னால் போய்விட்டார்கள். உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்த ஆய்வாளர்களுக்கு ஒரே குரல் கேட்கவில்லை. நிறுவனத்தை மன்னிக்கவே முடியாது என்றவர்களும், அதில் தினமும் பயணம் செய்கிறேன், என் கோபம் போலீஸ்மீதுதான் என்றவர்களும், என்னை யாருமே கேட்கவில்லை என்றவர்களும் இருந்தார்கள். கடைசி வகையினர் சொன்னதுதான் எங்களை உறுத்துகிறது. வழக்கும் சட்டமன்ற விசாரணையும் சில குரல்களைத்தான் மேடையேற்றின.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டதா?
– வாசகர், புதுச்சேரி

2010 நவம்பரில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து அறிக்கை வந்தது. 2011 ஜனவரி 25இல் அன்றைய தலைவர் கியோம் பெப்பி போபினி நிலையத்தில் நின்று, நிறுவனம் நாஜி அழிப்பு இயந்திரத்தின் ஒரு பல்சக்கரமாக இருந்ததை ஒப்புக்கொண்டார். நினைவிடம் அமைக்க அந்த இடம் நகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டது.

சொற்களில் குறை சொல்ல அதிகமில்லை. குறை நேரத்தில் இருந்தது. அப்போது நிறுவனம் அமெரிக்காவில் அதிவேக ரயில் உள்ளிட்ட திட்டங்களுக்கு முயன்றுகொண்டிருந்தது. கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, மேரிலாந்து மாநிலங்களில் அதற்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. ஒப்பந்தத்துக்காகக் கேட்ட மன்னிப்பு என்று பலர் ஒதுக்கினார்கள். மன்னிப்பு எடுபட வேண்டுமானால் என்ன நடந்தது என்பதை இடம், தேதியோடு சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்கிறோமோ அவர்களோடு முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். எந்த வியாபார முடிவும் நிலுவையில் இல்லாத நேரத்தில் வர வேண்டும். ‘யாரேனும் புண்பட்டிருந்தால்’ என்ற தொடர் இடம்பெறவே கூடாது.

அமெரிக்காவோடு செய்த 6 கோடி டாலர் ஒப்பந்தம் யாருக்குப் பலன் தந்தது?
– வங்கி அதிகாரி, ஈரோடு

2014 டிசம்பர் 8இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பணம் தந்தது பிரெஞ்சு அரசு, எஸ்.என்.சி.எஃப். அல்ல. பங்கிட்டது அமெரிக்க அரசு. பிரான்சில் முன்பே இருந்த ஓய்வூதியத் திட்டங்கள் பிரெஞ்சுக் குடிமக்களையும், பிரான்சோடு உடன்பாடு செய்திருந்த சில நாட்டவரையும் மட்டுமே ஏற்றன. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டு, பிறகு அமெரிக்கர், இஸ்ரேலியர் என்று வேறு குடியுரிமை பெற்றவர்கள் பலர் விடுபட்டுப்போனார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த நிதி. உயிர் பிழைத்தவர்கள், இறந்தவரின் துணைவர், வாரிசுகள் விண்ணப்பிக்கலாம் என்றது. பதிலுக்கு, பிரான்சின் மீதும் அதன் ரயில் நிறுவனத்தின் மீதும் அமெரிக்காவில் இனி வழக்கு நிலைக்காதபடி பார்த்துக்கொள்வதாக அமெரிக்கா உறுதி தந்தது. நிறுவனம் தனியாக 40 லட்சம் டாலர் நினைவிடங்களுக்கும் கல்விக்கும் ஒதுக்கியது.

முதுமையில் கையில் பணம் கிடைத்தது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள்தாம் இருந்தன.

இதற்கு முன்பே மேரிலாந்து மாநிலம் 2011இல் செய்த சட்டம் எங்கள் கண்ணில் முக்கியமானது. ரயில் சேவைக்கு ஒப்பந்தம் கேட்கும் நிறுவனம், போர்க்கால நாடுகடத்தலில் தனக்கிருந்த பங்கையும் அது பற்றிய ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்றது அது. பணம் கேட்கவில்லை, தாள் கேட்டது. நிறுவனம் தன் போர்க்கால ஆவணங்களை மின்வடிவாக்கி பாரிஸ், ஜெருசலேம், வாஷிங்டன் நினைவகங்களுக்குப் பிரதி கொடுத்தது. டெண்டர் நிபந்தனை என்ற சிறு கருவி, பத்து ஆண்டு வழக்கு பெற்றுத் தராததைப் பெற்றுத் தந்தது.

எண்பது ஆண்டு கழிந்துவிட்டது. இன்று டிக்கெட் கிழிப்பவர் ஏன் சுமக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

அவர் சுமக்க வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணில் நிறுவனம் தனி ஆள். ஊழியர்கள் மாறினாலும் சொத்து, பெயர், கடன், பெருமை எல்லாம் தொடர்கின்றன. 1938இல் பிறந்த அதே பெயரை வைத்து இன்றும் தொழில் செய்பவர்கள், போராளிகளின் நினைவுப் பலகைக்கு மாலை போடும்போது ரசீதுகளையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

வேறு எந்த ரயில் நிறுவனமாவது தானாகப் பணம் கொடுத்ததா?
– வாசகி, தஞ்சாவூர்

நெதர்லாந்தின் என்.எஸ். கொடுத்தது. அங்கிருந்து 1,00,000க்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கடைசி வண்டி 1944 செப்டம்பர் 13இல் போனது. நான்கே நாளில், நாடுகடந்து இயங்கிய டச்சு அரசின் அழைப்பை ஏற்று அதே ரயில் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிறுத்த முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2005இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பெற்றோரை இழந்த சாலோ முல்லர், புகழ்பெற்ற அயாக்ஸ் கால்பந்துக் குழுவின் முன்னாள் உடலியக்க மருத்துவர், பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியபின் 2018இல் தனிநபர் இழப்பீட்டுக்கு நிறுவனம் இசைந்தது. ஆம்ஸ்டர்டாம் முன்னாள் மேயர் யோப் கோஹன் தலைமையிலான குழு 2019இல் தொகையை நிர்ணயித்தது: உயிர் பிழைத்தவருக்கு 15,000 யூரோ, கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கும் போர் முடியுமுன் பிறந்த பிள்ளைகளுக்கும் 7,500, அதன்பின் பிறந்தவர்களுக்கு 5,000. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமல் நடந்தது இது. குறையும் உண்டு. குடும்பமே அழிந்து வாரிசு இல்லாமல் போனவர்களுக்கு இந்தக் கணக்கில் பங்கில்லை. அவர்களுக்காக என்று 2020இல் நிறுவனம் நினைவிடங்களுக்கு 50 லட்சம் யூரோ அறிவித்தபோது, எங்களைக் கலந்து பேசவில்லை என்று யூத அமைப்புகள் கண்டித்தன. தொகையைவிட முடிவெடுத்த விதம்தான் அங்கே பிரச்சினையானது. பணம் கொடுப்பவரே பட்டியலையும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலாளிகள் யாருமே தண்டிக்கப்படவில்லையா? இன்றைய நிலை என்ன?
– பத்திரிகைத் துறை மாணவர், சென்னை

சிலர் தண்டிக்கப்பட்டார்கள். விஷவாயு விற்ற டெஷ் உண்ட் ஷ்டாபெனோ நிறுவனத்தின் உரிமையாளர் புருனோ டெஷும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் 1946இல் ஹாம்பர்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை பெற்றார்கள். வாயு எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்தே விற்றார்களா என்ற ஒரே கேள்வியில் அந்த வழக்கு நின்றது. ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பென் வழக்கில் 24 பேர் குற்றம் சாட்டப்பட்டு 13 பேர் தண்டனை பெற்றார்கள். உச்ச தண்டனை எட்டு ஆண்டு. ஏழாண்டுத் தண்டனை பெற்ற ஃப்ரிட்ஸ் டேர் மேர் 1956இல் பாயர் நிறுவனத்தின் கண்காணிப்புக் குழுத் தலைவரானார்.

ஹேக் நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இன்றும் மனிதர்களை மட்டுமே விசாரிக்க முடியும். நிறுவனங்களையும் சேர்க்க 1998இல் பிரான்சே ஒரு யோசனை வைத்தது, உடன்பாடு ஏற்படவில்லை. எனவே வழக்குகள் தேசிய நீதிமன்றங்களில் நடக்கின்றன. பிரெஞ்சு சிமென்ட் நிறுவனமான லஃபார்ஜ், சிரியாவில் தன் ஆலை ஓடுவதற்காக ஐ.எஸ். உள்ளிட்ட அமைப்புகளுக்குப் பணம் கொடுத்ததை 2022 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சுமார் 77.8 கோடி டாலர் கட்டியது. அந்தப் பணம் அமெரிக்க அரசுக் கருவூலத்துக்குப் போனது. வாழைப்பழ நிறுவனமான சிக்கிட்டா, கொலம்பியாவின் ஏ.யு.சி. ஆயுதக் குழுவுக்கு 17 லட்சம் டாலர் கொடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டு 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதுவும் கருவூலத்துக்கே. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி ஃபுளோரிடா ஜூரி தீர்ப்பளிக்க 2024 ஜூன்வரை ஆயிற்று. எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு 3.83 கோடி டாலர். செய்தி எழுதும்போது அபராதமா, இழப்பீடா என்பதை முதல் வரியிலேயே பிரித்து எழுதுங்கள்.

சயாம் மரண ரயில்பாதையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் மாண்டார்கள். அவர்களுக்கு ஏன் யாரும் எதுவும் தரவில்லை?
– வாசகர், கிள்ளான், மலேசியா

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த இந்த 415 கிலோமீட்டர் பாதையை 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தது ஜப்பான் ராணுவம். போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு, இறப்பும் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் கணிசமான பகுதி. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவில் நேச நாடுகள் தங்கள் குடிமக்களின் கோரிக்கைகளைக் கைவிட்டன. 16ஆம் பிரிவு ஒரு நிதியைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தர ஏற்பாடு செய்தது, ஆனால் முன்னாள் போர்க்கைதிகளுக்கு மட்டும். மலாயாவுக்காகக் கையெழுத்திட்டது பிரிட்டன். தோட்டத் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்பில் பொருளும் சேவையும் கொடுத்தது. அது அரசுக்குப் போனது.

எஸ்.என்.சி.எஃப். போல வழக்குத் தொடுக்க ஒரு நிறுவனம் இங்கே கண்ணுக்குத் தெரியவில்லை, ராணுவமே முதலாளி. 2018 அக்டோபரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம் கட்டாயத் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு 10 கோடி வொன் தரும்படி நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்கு உத்தரவிட முடிந்ததற்குக் காரணம், எந்த ஆலை, எந்த ஆள் என்று பெயரோடு காட்ட முடிந்ததுதான். தாய்லாந்தின் காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. ஆகவே தொடங்க வேண்டிய இடம் பெயர். பழைய தோட்டங்களின் செக்ரோல் (வேலையாள் வருகைப் பதிவு) புத்தகங்கள், கோயில் வரவு செலவுப் பதிவுகள், போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வைத்த கோப்புகள், வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி – நான்கையும் ஒரே அட்டவணையில் சேருங்கள்: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன மாதம், திரும்பினாரா, சொன்னவர் யார். ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

தன் பழைய பங்கை ஆராய நிறுவனமே வரலாற்றாசிரியரை நியமித்தால், அந்த அறிக்கையை எப்படி நம்புவது?
– முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை

எஸ்.என்.சி.எஃப். 1992இல் அரசு ஆய்வு மையம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. 1996இல் வந்த அறிக்கை ஏறக்குறைய 900 பக்கம். பணம் நிறுவனத்துடையது என்பதாலேயே அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை. முதலில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளியிடும் உரிமை ஆய்வாளரிடம் இருந்ததா, நிறுவனம் வரிகளை நீக்க முடியுமா என்று பாருங்கள். பிறகு இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பு, கணக்குத் துறை, வண்டி இயக்கத் துறை என்று மூன்று வகை ஆவணமும் பார்க்கப்பட்டதா என்று அடிக்குறிப்புகளை எண்ணுங்கள். கூட்டக் குறிப்பு மட்டும் இருந்தால், நிர்வாகம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதைத்தான் படிக்கிறீர்கள். கணக்குத் தாள்கள்தாம் பொய் சொல்வது குறைவு. அழிந்த கோப்புகள் எவை, எப்போது, யார் உத்தரவில் அழிந்தன என்று அறிக்கை சொல்கிறதா என்பதையும் தேடுங்கள். உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம் அறிக்கையின் முதன்மைப் பகுதியில் இருக்கிறதா, பின்னிணைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? கடைசியாக, அறிக்கையில் வரும் ஏதாவது ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, புறப்பட்ட தேதி, நிலையம், ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் நினைவகங்களின் தனிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பத்து வண்டிக்கு இப்படிச் செய்தால் அறிக்கையின் தரம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஒருவர் தனியாகச் செய்தால் இரண்டு வாரம் பிடிக்கும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.